கடிதத் தொடர்புக்கான விலாசம்

1

பல்கலைக்கழக மாணவர் உதவிப்பணத்துக்கான விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தை, மாணவர் நிரந்தரமாக வசிக்கும் பிரிவின் கிராம சேவகர் விசாரித்து உறுதிப்படுத்த வேண்டும். கடிதத் தொடர்புகள் யாவும் மாணவரின் வீட்டு விலாசத்துக்கே நடைபெறும்.

இந்த மூன்று விதிகளையும் நான் நினைவிலிருந்தே எழுதுகிறேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், முப்பத்தொரு வருடம் இருந்து, பிரதம எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவனுக்கு இது பெரிய காரியமல்ல. எங்கள் கந்தோரின் முன்விறாந்தைச் சுவரில் இந்த அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதன் கீழே ஆட்கள் உட்கார ஒரு நீள வாங்கு. வந்தவர்கள் எல்லாரும் அறிவித்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வாங்கில் இருந்து, உள்ளே யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. மகள் வசந்தாவோடும் மருமகனோடும் இருக்கிறேன். காலை எட்டரைக்கு வீடு வெறுமையாகிவிடும். அறையைச் சூடாக்கும் பரஃபின் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு தபாலுக்குக் காத்திருப்பேன். இங்கே தபால்காரர் மணி அடிப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதவிலுள்ள துவாரத்தால் கடிதங்களைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். விழுந்தது உரியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். எனக்கு இந்த ஏற்பாட்டில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

பேத்தி மீரா வருகிற செப்ரெம்பரில் கல்லூரிக்குப் போக வேண்டும். மார்ச் மாதம் முதல் ஞாயிறு வசந்தா கோயில் மண்டபத்திலிருந்து ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தாள். கைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்ததால்தான் என் கண்ணில் பட்டது. ஒளித்து வைக்காத தாளை நான் ஏன் வாசிக்கப் போகிறேன்? கல்லூரி நிதி உதவி பெற்றுத் தரப்படும், தமிழில் ஆலோசனை, முற்பணம் மட்டும் போதும், வெற்றி நிச்சயம் என்று இருந்தது. நிச்சயம் என்று அச்சடிப்பவர்களை நான் நம்புவதில்லை. அரசாங்கமே 'பரிசீலிக்கப்படும்' என்பதற்கு மேல் எழுதாது.

அந்தப் படிவத்தை நகரசபையின் கல்விப் பகுதியில் சும்மா தருவார்கள் என்று சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

"படிவம் எடுக்கலாம் அப்பா. நிரப்புறது ஆர்?"

"ஏன், நான் செத்துப்போனனோ?"

அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "உங்களிட்டைத் தந்தா முதல் ஏசுவியள், பிறகுதான் எழுதுவியள். அந்தாள் ஏசாது. அதுக்குத்தான் காசு."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். மாடிப்படியில் இருந்த மீரா, "அம்மப்பா, நீ ஏன் கத்துறாய்?" என்று கேட்டாள். 'நீங்கள்' என்று சொல்லவேண்டும் என்று திருத்தினேன். "சரி, நீங்கள் ஏன் கத்துறாய்?" என்றாள்.

அந்தாள் ஏசாது என்று வசந்தா சொன்ன வசனத்தை ஏற்கெனவே ஒருதடவை, வேறு ஒரு வாயிலிருந்து எங்கள் ஊரான சரவணையில் கேட்டிருக்கிறேன்.

2

என் தங்கை நாகேஸ்வரியின் கணவர் மயில்வாகனம் தெற்கே ஒரு சிறு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்தை அடுத்த எங்கள் தீவுகளில் பாதி வீடுகள் அப்படிக் கட்டப்பட்டவைதான். ஆள் தெற்கில், கல்வீடு ஊரில். எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தவை உடுத்த வேட்டியும் கடைப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையும்.

ஊர் அதை நம்பவில்லை. காசு முதலே வந்து சேர்ந்திருக்கும், வெறுங்கையோடு வந்தது நடிப்பு என்றார்கள். நானும் நம்பவில்லை. வந்த மூன்றாம் மாதம் வாசல் படலைக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார். கையில் ஒன்றுமில்லாதவன் படலைக்குப் பெயின்ற் அடிப்பானா என்று நான் எனக்குள் ஒரு கோப்பு திறந்து வைத்துக்கொண்டேன். மூத்த மகள் ராணிக்குக் காரைநகரில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும், பெண் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் படலையில்தான் விழும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் அந்தக் கோப்பில் அவற்றைச் சேர்க்கவில்லை.

இளையவள் கௌரி எழுபத்தொன்பதில் மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் இடம் எடுத்தாள். அந்தக் காலத்தில் தீவுப் பகுதிப் பிள்ளை ஒன்றுக்கு இடம் கிடைப்பதே பத்து ஊர் பேசுகிற செய்தி. படிப்புக்குக் கட்டணமில்லை. ஆனால் அங்கே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், போய்வர வேண்டும். உதவிப்பணம் கிடைத்தால் படிப்பை முடிக்கலாம். இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்கு மேல் ஏலாது. இது அந்த வீட்டில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

வருமானத்தை உறுதிப்படுத்தக் கிராம சேவகரிடம் போகவேண்டும். ஊரில் அவரை இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவர் விசாரிக்கும் முறை இதுதான்: சைக்கிளில் வந்து, பக்கத்து வீட்டு வேலியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "இவைக்கு வருமானம் என்ன?" என்று கேட்பார். கேள்வியும் பதிலும் அந்தக் குறுகிய ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அவருடைய மனைவிக்கு ஊர் காரைநகர். மயில்வாகனத்துக்கு வருமானமில்லை என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அடுத்த நாள் மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

மிச்சம் இருந்தது நான். சரவணைக்கும் வேலணைக்கும் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுப்பவன். காசு வாங்குவதில்லை. ஆனால் அந்த வருடம் ஒரு அந்தியேட்டி வீட்டில், முப்பத்தோராம் நாள் சடங்கில், மயில்வாகனத்தின் மகளுக்கு உதவிப்பணம் கிடைக்குமோ என்று யாரோ கேட்டபோது நான் சொன்னேன்: "அவருக்கு உதவிப்பணமெண்டா, அரிசி மூட்டைக்கு மேலை இருக்கிற சங்கக்கடை மனேச்சருக்கும் கஞ்சித்தொட்டி திறக்கவேணும்." பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தேத்தண்ணித் தட்டத்தோடு பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என் தங்கை என்று பிறகுதான் கண்டேன்.

3

யாழ்ப்பாண நகரில், சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஒருவர் கந்தோர் வைத்திருந்தார். மாஸ்டர் என்று சொல்வார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார் என்பதை நான் எவ்வளவோ விசாரித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. உயர்கல்வி உதவிப்பண ஆலோசனை என்ற அவருடைய பெயர்ப்பலகை கதவைவிட அகலம்.

மயில்வாகனமும் கௌரியும் ஒருநாள் காலை பஸ் எடுத்துப் கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் அவரிடம் போயிருக்கிறார்கள். அவர் இவர்களுக்கு வட்டமாக ஒரு வழி சொன்னார். விண்ணப்பத்தில் நகரத்து விலாசம் ஒன்று போடலாம். நகரத்திலேயே தனக்குத் தெரிந்த இடத்தில் வருமான அத்தாட்சி எடுக்கலாம். பதில்கள் தன்னுடைய கந்தோருக்கு வரும். தீவில் ஒரு காகத்துக்கும் தெரியவராது. இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் அவர்கள் முற்பணம் கட்டினார்கள். படிவம் இலவசமானது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்களிடம் இல்லாத ஒன்றை அந்த ஆள் விற்றார். அவருக்கு இவர்களை முன்பின் தெரியாது.

கௌரி பல்கலைக்கழகம் போனாள். இரண்டு படிப்புத் தவணை போயிற்று. ஒரு கடிதமும் வரவில்லை.

எண்பதாம் ஆண்டு சித்திரை விடுமுறையில் ஒரு மத்தியானம், குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மாஸ்டர் கொடுத்த பற்றுச்சீட்டை மேசையில் வைத்தாள்.

"மாமா, இதைப் பாத்துச் சொல்லுங்கோ. ஏசுறதெண்டா கடைசியில ஏசுங்கோ."

நான் பற்றுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடர் இலக்கம் இல்லை. முத்திரை இல்லை. விண்ணப்பம் என்ற சொல்லே இல்லை; 'சேவைக்காக' என்று மட்டும் இருந்தது. வெறும் தாளில் கையெழுத்து வைத்தாயா என்று கேட்டேன். மூன்று இடத்தில் என்றாள்.

"பக்கத்திலை நான் இருக்க, என்னட்டை ஏன் வரேல்லை?"

"அவர் ஏசேல்லை மாமா," என்றாள். சற்றுப் பொறுத்து, "சிரிக்கவும் இல்லை."

நான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்சுக்கே புறப்பட்டேன்.

மாஸ்டரின் கந்தோரில் இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, மேசையில் விரித்தபடி ஒரு பெரிய பெயர்ப் பதிவு இடாப்பு. விஷயம் மேலிடத்தில் இருக்கிறது, பொறுக்கவேணும் என்றார். எந்த மேலிடம், எந்தக் கிளாக்கர், கோப்பு இலக்கம் என்ன என்று நான் கேட்டதும், வந்தவன் யாரென்று விளங்கிக்கொண்டு அலுமாரியைத் திறக்கப் போனார். அந்த நேரத்துக்குள் நான் இடாப்பை வாசித்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக வாசிப்பது கச்சேரியில் முதல் வருடத்திலேயே பழகும் கலை. கௌரியின் பெயருக்கு எதிரே, தகப்பனின் தொழில்: கூலி. அதற்கு மூன்று வரி கீழே காரைநகர் விலாசமொன்று. வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். ராணிக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தம்பி. தகப்பனின் தொழில்: கடற்றொழில். அந்த மனிசனுக்குத் தோட்டமும் வயலும் உண்டு. கடலை அவர் பார்த்திருந்தால், பாலத்தால் பஸ்சில் போகும்போது பார்த்திருப்பார்.

மாஸ்டர் கோப்போடு வந்தார். அதற்குள் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதமொன்று ஐந்து மாதமாகக் கிடந்தது. மாணவி படித்த பள்ளிக்கூடம் தீவில், விலாசம் நகரத்தில். நிரந்தர வசிப்பிடம் எது? இருபத்தொரு நாளில் விளக்கம் தரவும்.

"ஏன் பதில் எழுதேல்லை?"

"பதில் எழுதுறது வேறை வேலை ஐயா. அதுக்கு உங்கடை ஆக்கள் ஒண்டும் கட்டேல்லையே."

பொய் சொல்லவில்லை. அவர் ஒப்புக்கொண்டது அனுப்புவதை. அனுப்பியிருக்கிறார். கடிதத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

4

அன்று பின்னேரமே தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரு வழிதான் இருக்கிறது என்று சொன்னேன். உண்மையை எழுதி மேன்முறையீடு செய்யவேண்டும். அதற்கு எங்கள் விதானையாரின் அத்தாட்சி வேண்டும். மயில்வாகனம் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

"ஒரு பிள்ளையைப் படிப்பிக்கிறதுக்கு மற்றதை வீட்டோடை இருத்தச் சொல்லுறியளோ, அண்ணை?"

நாகேஸ்வரி என்னைப் பார்த்தாள். அந்தியேட்டி வீட்டில் பார்த்த அதே பார்வை. கௌரி சுவரோடு நின்றாள். தமக்கையின் கலியாணத்தைக் குழப்பிப் படிக்கப் போவதில்லை என்று அவள் முதலே சொல்லிவிட்டாளாம்.

அலுவலக இடாப்பில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் அது அரசாங்க இடாப்பு அல்ல. சொன்னேன்.

மயில்வாகனம் மெதுவாகக் கேட்டார். "அவை என்னெண்டு எழுதியிருக்கினம்?"

"கடற்றொழில்."

"நாங்கள்?"

"கூலி."

குசினிக் கதவடியில் நின்ற ராணிதான் முதலில் சிரித்தாள். "அப்ப பொருத்தம் சரிதானே, ஐயா."

உள்ளே போய்ச் சீலை மாற்றிக்கொண்டு, தகப்பனின் குடையோடு வந்து நின்றாள். வாருங்கள், விதானையார் வீட்டுக்குப் போய்வருவம் என்றாள். மயில்வாகனம் எழுந்தார். இருவரும் பச்சைப் படலையைத் திறந்துகொண்டு எல்லாரும் பார்க்க நடந்து போனார்கள்.

விதானையார் வந்தார், வேலியில் கையை ஊன்றினார், கேட்டார். ஊருக்குத் தெரிந்தது. காரைநகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் என் வீட்டுக்கு வந்து மழையைப் பற்றியும் புகையிலை விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு, போகும்போது ஒரு வெறும் படிவத்தை மேசையில் மறந்துவிட்டுப் போனார். அவருடைய இளைய மகனுக்காக நிரப்பி அனுப்பினேன். ஆவணியில் ராணியின் கலியாணம் நடந்தது.

5

கௌரியின் மேன்முறையீட்டை மூன்று பிரதிகளில் எழுதினேன். பதினான்கு பந்தி. என் சேவைக்காலத்திலேயே அதைப்போல ஒன்று எழுதியதில்லை. அவள் அதைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். கடைசியிலிருந்து இரண்டாவது கட்டம்: கடிதத் தொடர்புக்கான விலாசம். தன் வீட்டு விலாசத்தை எழுதப் பேனாவை வைத்தவளை நான் நிறுத்தினேன். என் பெயரையும் விலாசத்தையும் போடச் சொன்னேன்.

"விதியில வீட்டு விலாசமெண்டெல்லோ கிடக்கு, மாமா."

"விதியை எனக்கு நீ படிப்பிக்கிறியோ? எழுது."

எழுதினாள்.

எனக்கு அந்த வீட்டில் நம்பிக்கை இல்லை. மறுபடியும் ஒரு கேள்வி வந்தால் மயில்வாகனம் பயந்து அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார் என்று நினைத்தேன். பதில் என்னிடம் வரட்டும், எல்லாம் நான் பார்க்கிறேன் என்றேன். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

செப்ரெம்பரில் எனக்கு விசா வந்தது. வீட்டுத் திறப்பை மயில்வாகனத்திடம் கொடுத்தேன். அவருடைய வீடு என் வீட்டிலிருந்து மூன்று வேலி தள்ளி. என் தபாலை லண்டனுக்குத் திருப்பிவிடும்படி தபாற்கந்தோருக்கு விண்ணப்பித்திருக்கலாம். அதற்குரிய நடைமுறை எனக்குத் தெரியும். ஆனால் வெளிநாட்டுக்குத் திரும்பும் அரசாங்கக் கடிதங்களை வழியில் உடைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். என்னுடைய பென்சன் விஷயமாக அப்போது ஒரு பெரிய வழக்காடல் நடந்துகொண்டிருந்தது. கிழமைக்கு ஒரு மண்ணிறக் கடிதவுறை வரும். ஆகவே மயில்வாகனத்திடம் கண்டிப்பாகச் சொன்னேன். அரசாங்கக் கடிதம் ஒன்றையும் உடைக்கக்கூடாது, ஒருவருக்கும் காட்டக்கூடாது, சேர்த்து வைத்து லண்டன் வருகிற ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

"உங்கடை விஷயம் எங்களுக்கு என்னத்துக்கு, அண்ணை," என்றார்.

கௌரி எண்பத்தோராம் ஆண்டு தை மாதம் படிப்பை விட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வேலணையில் ஒரு ரியூற்றரியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அதை எனக்கு அறிவித்த கடிதத்தில் குறையாக ஒரு சொல் இல்லை. 'பதில் வரவில்லை மாமா' என்று ஒரு வரி மட்டும். நான் இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நினைவூட்டல் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தக் கந்தோரின் தரத்தைப் பற்றி நண்பர்களுக்கு நாலு பக்கத்தில் எழுதினேன். கோப்பில் எந்த விலாசம் இருக்கிறதோ அந்த விலாசத்துக்குத்தான் பதில் போகும் என்பது, முப்பத்தொரு வருடம் கோப்புக் கட்டியவனுக்குத் தோன்றவில்லை.

6

துண்டுப்பிரசுரம் கண்ட மறுநாள் திங்கட்கிழமை நகரசபைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் காரணம் கேட்காமல் மூன்று படிவம் தந்தாள். ஒன்று பிழைத்தால் மற்றதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, பென்சிலால் மெல்லியதாக நிரப்பி, வசந்தாவுக்கு முன்னால் வைக்கத் தயாராக இருந்தேன். கடிதத் தொடர்புக்கான கட்டத்தில் என்னுடைய பெயரைத்தான் போட்டிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம், சரவணையிலிருந்து புருஷனிடம் வந்து சேர்ந்த ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். பனங்கிழங்கு ஒடியல் ஒரு பொதி, வேப்பம்பூ வடகம் ஒரு போத்தல், சணல் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு ஒன்று. கட்டின் மேல் மயில்வாகனத்தின் துண்டு. 'அண்ணை, உங்கள் கடிதங்கள் முழுவதும் இருக்கின்றன. உங்கள் மருமகன் கொழும்புக்கு வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். ஒன்றும் உடைக்கவில்லை. அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.'

வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். எல்லாம் பென்சன் பகுதியின் மண்ணிற உறைகள். நடுவே அதே நிறத்தில், அதே அளவில், என்னுடைய பெயருக்கே மூன்று உறைகள் பல்கலைக்கழகத்திலிருந்து.

முதலாவது, எண்பதாம் ஆண்டு கார்த்திகை மாதம் எழுதப்பட்டது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது. முதலாம் வருடத்திலிருந்தே உதவிப்பணம் வழங்கப்படும். இத்துடனுள்ள உடன்படிக்கையில் மாணவி கையெழுத்திட்டு ஒரு மாதத்துள் திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் உதவி தேவையில்லை எனக் கொள்ளப்படும். இரண்டாவது, என் நினைவூட்டலுக்குப் பதில்: எமது முன்னைய கடிதத்தைப் பார்க்கவும். மூன்றாவது, கோப்பு மூடப்பட்டதென்று.

கௌரி பெட்டியோடு வந்து இறங்கிய நாளில் அந்த முதலாவது கடிதம் அவளுக்கு முந்தியே வீட்டுக்கு வந்திருந்தது. அவள் உடுப்பு அடுக்கிய அறையில்தான் அந்த அலுமாரி இருக்கிறது. திறப்பு மயில்வாகனத்தின் இடுப்பில்.

பின்னேரம் வசந்தா வேலையால் வந்தபோது பென்சிலால் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தேன். படிவத்தை மீராவிடம் கொடுத்து, உன்னுடைய பேரைப் போடு, உன்னுடைய கையால் எழுது என்றேன். வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். துண்டுப்பிரசுரம் மேசையிலிருந்து எப்போது மறைந்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு கௌரிக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு விமானத் தபால் தாள் வீணாயிற்று. மூன்றாவதில், அந்த உடன்படிக்கையை இப்போதும் ஏற்பார்களா என்று அவளே நேரில் கேட்கவேண்டும், பிந்தியதற்குக் காரணம் நான் என்று ஒரு சத்தியக் கடதாசி இத்துடன் வருகிறது, அதை அவள் விரும்பிய இடத்தில் காட்டலாம் என்று எழுதினேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. உறையின் மேல் அவளுடைய பெயரை, அவளுடைய வீட்டு விலாசத்தோடு எழுதினேன்.

பல்கலைக்கழகத்தின் கடிதத்தையும் உள்ளே வைக்கவேண்டும். வைப்பதற்கு முன்னர் கச்சேரிப் பழக்கத்தில் மேல் வலது மூலையைப் பார்த்தேன். வருகிற கடிதம் ஒவ்வொன்றிலும் நாங்கள் அந்த இடத்தில் திகதி முத்திரை குத்துவோம். இங்கே முத்திரை இல்லை. பேனாவாலேயே எழுதினேன்: கிடைத்த திகதி, 1982 மார்ச் 9.